தொழிற்சாலை ஆய்வாளர் காலியிடங்களை ஒப்பந்தத்தில் நிரப்பலாமா? பணிப் பாதுகாப்பு, கூடுதல் பொறுப்பு, வழக்கு – விவாத இழை

#1 கோப்புக்காரன்

பட்டாசு ஆலையிலோ ரசாயன ஆலையிலோ விபத்து நடந்த மறுநாள் "ஆய்வாளர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்கிறோம். அந்த ஊருக்கு ஆய்வாளர் பணியிடம் இருந்ததா, இருந்தால் ஆள் இருந்தாரா, இருந்தவர் எத்தனை ஊருக்குப் பொறுப்பு என்ற கேள்விகள் வருவதேயில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

இப்போது சட்டமும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருடத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. 'இன்ஸ்பெக்டர்' என்ற பெயர் 'இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர்' ஆகிவிட்டது. மின்விசையோடு 10 பேர் என்றிருந்த தொழிற்சாலை வரம்பு 20 ஆகவும், மின்விசை இல்லாமல் 20 என்றிருந்தது 40 ஆகவும் உயர்ந்திருக்கிறது. பழைய சட்டப்படி நியமிக்கப்பட்டவர்களின் நியமனம், முரண்படாத அளவுக்குப் புதிய தொகுப்பின் கீழும் தொடரும் என்று காப்புப் பிரிவு சொல்கிறது. அதனால் யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் காலியிடங்களை எப்படி நிரப்புவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் "ஓய்வுபெற்றவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கலாமே", "வெளித் தணிக்கையாளர் போதுமே" என்று ஒரு குரல் எழுகிறது.

அது சட்டப்படி சரியா, நடைமுறையில் சரியா? பிரிவு எண், கணக்கு, நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள். "எல்லாரும் மாமூல்" வகைப் பதிவுகளுக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

#2 சட்டமணி

முதலில் பழைய சட்டத்தின் 8-வது பிரிவைப் படிக்க வேண்டும். அதில் 'நிரந்தர' என்ற சொல் எங்குமே கிடையாது. நிர்ணயித்த தகுதி உள்ளவரை மாநில அரசு அரசிதழ் அறிவிப்பின் மூலம் ஆய்வாளராக நியமிக்கலாம் என்பதோடு சரி. அந்த வாசகத்தை மட்டும் வைத்தால் ஒப்பந்தக்காரரையும் நியமிக்கலாம் என்று வாதாட இடம் உண்டு.

சிக்கல் உட்பிரிவு (3)-ல் வருகிறது. தொழிற்சாலையிலோ, அங்கு நடக்கும் தொழிலிலோ, அதோடு தொடர்புள்ள காப்புரிமை அல்லது இயந்திரத்திலோ நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதாயம் உள்ளவர் ஆய்வாளராக நியமிக்கப்படவும் கூடாது, தொடரவும் கூடாது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வருகிறவர் பன்னிரண்டாம் மாதம் எங்கே போவார்? பெரும்பாலும் அதே வட்டாரத்தில் பாதுகாப்பு ஆலோசகராகவோ பாதுகாப்பு அலுவலராகவோதான். இன்று அவர் நோட்டீஸ் கொடுக்கும் நிறுவனம் நாளை அவருக்குச் சம்பளம் தரப்போகும் நிறுவனம். இதைச் சட்ட வாசகம் நேராகத் தடுக்காது. தடுக்க வேண்டிய நோக்கத்தைக் கெடுத்துவிடும்.

இந்த நோக்கத்தை எழுத்தில் வைத்திருப்பது ஐ.எல்.ஓ.வின் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) தொழிலாளர் ஆய்வு பற்றிய 81-ம் உடன்படிக்கை (1947). இந்தியா அதை 1949-ல் ஏற்றது. 6-வது ஷரத்து: ஆய்வுப் பணியாளர்கள் பொது ஊழியர்களாக இருக்க வேண்டும், பணி நிலைத்திருக்கும் என்ற உறுதி அவர்களுக்கு வேண்டும், ஆட்சி மாற்றத்துக்கும் முறையற்ற வெளி அழுத்தத்துக்கும் அசையாத நிலையில் அவர்களின் பணி நிபந்தனைகள் அமைய வேண்டும். இங்கே பணிப் பாதுகாப்பு ஊழியருக்குத் தரும் சலுகையாகப் பேசப்படவில்லை. ஆய்வு நடப்பதற்கான நிபந்தனையாகவே பேசப்படுகிறது. நம்மூர் விவாதங்களில் இந்த இடம்தான் எப்போதும் நழுவிப்போகிறது.

உடன்படிக்கையை ஏற்றதால் மட்டும் நீதிமன்றத்தில் நேராக உரிமை கோர முடியாது. உள்நாட்டுச் சட்டம் தெளிவில்லாத இடத்தில் பொருள்கொள்ள மட்டும் துணைக்கு அழைக்கலாம்.

ஒப்பந்தக்காரரின் நிலை இன்னும் மெலிது. அரசமைப்பு 311-வது பிரிவுப்படி விசாரணையும் பதில் சொல்ல வாய்ப்பும் இல்லாமல் அரசு ஊழியரைப் பதவிநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய முடியாது. தற்காலிக ஊழியருக்கும், தண்டனையாக நீக்கினால், இந்தக் காப்பு உண்டு என்று பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கு சொல்கிறது. ஆனால் ஒப்பந்த விதிப்படி ஒப்பந்தம் முடிவது 'நீக்கம்' ஆகாது என்று 1953-லேயே சதீஷ் சந்திர ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, வலுவான ஒரு ஆலையின் மேல் வழக்குப் போட்ட ஒப்பந்த ஆய்வாளரை யாரும் நீக்க வேண்டியதில்லை. புதுப்பிக்காமல் விட்டால் போதும். காரணமும் எழுத வேண்டாம். பிறகு நிரந்தரம் கேட்டுப் போனால் முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006 உமாதேவி தீர்ப்பு குறுக்கே நிற்கும்.

#3 மூன்றாம்கண்

மாற்றுக் கருத்தும் இருக்கட்டும். நிரந்தரப் பணி கொடுத்தால் நேர்மை வந்துவிடும் என்பதற்கு என்ன ஆதாரம்? இத்தனை வருடமும் நிரந்தர ஆய்வாளர்கள்தானே இருந்தார்கள்?

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இன்று ஒரு மருந்து ஆலைக்குள் ரியாக்டரின் ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மீறினால் உடைந்து வெளியேற்றும் தகடு), இன்டர்லாக் (தானாக நிறுத்தும் பூட்டு), ஹசாப் ஆய்வு (செயல்முறை அபாய ஆய்வு), டஸ்ட் எக்ஸ்ப்ளோஷன் (தூசி வெடிப்பு) என்று பத்து துறை அறிவு வேண்டும். ஒரே தேர்வு எழுதி வந்த பொறியாளர் முப்பது வருடத்துக்கு எல்லாவற்றையும் பார்ப்பார் என்பது நடக்காத காரியம். புதிய தொகுப்பு சில வகை நிறுவனங்களுக்கு மூன்றாம் தரப்புத் தணிக்கை, சான்றளிப்புக்கு இடம் கொடுத்திருப்பது அதனால்தான். பெரு விபத்து அபாய ஆலைகளுக்கு 1989 ரசாயன விதிகளின் கீழ் வெளி நிபுணர் தணிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அதை விரிவாக்கினால் என்ன தவறு?

குலுக்கல் முறையில் கணினியே ஆய்வாளரை ஒதுக்குவதும், அறிக்கையை 48 மணி நேரத்தில் ஏற்றச் சொல்வதும் தன்னிச்சையைக் குறைக்கத்தான். இதையெல்லாம் எதிர்ப்பவர்கள் பழைய வசதியை இழந்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

#4 நொய்யல்

கொள்கைக்கு முன்னால் ஒரு கணக்கு. எந்த மாவட்டத்தின் புள்ளிவிவரமும் இல்லை. நாட்களை எப்படி எண்ணுவது என்பதற்கான மாதிரி மட்டுமே. உங்கள் வட்டார எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

365 நாளில் சனி ஞாயிறு 104, அரசு விடுமுறை சுமார் 24, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 15 போனால் மீதி 210. மாதம் இரண்டு நாள் ஆய்வுக் கூட்டம், இரண்டு நாள் நீதிமன்றம், ஒரு நாள் ஆட்சியர் அலுவலகக் குழுக்கள். அதில் 60 போச்சு. விபத்து விசாரணை வருடத்துக்கு 20 என்று வைத்து, இடத்துக்குப் போவது, சாட்சி எழுதுவது, அறிக்கை எல்லாம் சேர்த்து இரண்டு நாள் என்றால் 40. மிச்சம் 110.

இந்த 110-ம் களநாள் இல்லை. இரண்டு நாள் ஆய்வுக்கு ஒரு நாள் மேஜை வேலை: அறிக்கை, விளக்கம் கேட்கும் அறிவிப்பு, வந்த பதிலைச் சரிபார்ப்பது, வரைபட ஒப்புதல், உரிமம். ஆகக் களநாள் சுமார் 73. பத்து பெரு அபாய ஆலைக்குத் தலா இரண்டு நாள் ஒதுக்கினால் 53. ஒரு நாளைக்கு இரண்டு சிறு ஆலை என்றால் 106. மொத்தம் 116 ஆலை.

வட்டாரத்தில் 400 ஆலை இருந்தால் ஒரு ஆலைக்கு மறுபடி போக மூன்றரை வருடம். பக்கத்து வட்டாரமும் கூடுதல் பொறுப்பாக வந்தால் ஏழு வருடம். பயணத்தில் போகும் நேரத்தை இன்னும் சேர்க்கவில்லை. திருப்பூர் மாதிரி ஊரில் ஏழு வருடத்தில் ஒரு நிட்டிங் யூனிட் மூன்று பேர் மாறி, பெயர் மாறி, சாய ஆலையாகக்கூட ஆகியிருக்கும்.

இந்த நிலையில் யார் எந்த ஆலைக்குப் போவது என்று கணினி குலுக்கிப்போட்டாலும் விரல் விட்டுத் தேர்ந்தெடுத்தாலும் வித்தியாசம் ரொம்பச் சின்னது. மூன்றாம்கண் சொல்வதில் குலுக்கல் நல்லதுதான். ஆனால் குலுக்க ஆள் வேண்டாமா?

ஐ.எல்.ஓ. 2006-ல் ஒரு பொது அளவு வைத்தது: வளர்ந்த சந்தைப் பொருளாதாரத்தில் 10,000 தொழிலாளருக்கு ஒரு ஆய்வாளர், தொழில்மயமாகி வரும் நாட்டில் 15,000, மாறிவரும் பொருளாதாரத்தில் 20,000, மிகவும் பின்தங்கிய நாட்டில் 40,000. நம்மூர்க் கோப்புகளில் இதை அப்படியே எடுத்துப் போடுவது ஆபத்து. 81-ம் உடன்படிக்கையின் 10-வது ஷரத்து தலையெண்ணிக்கையோடு நிற்கவில்லை. பணியிடங்களின் எண்ணிக்கை, தன்மை, அளவு, அமைவிடம், சட்டங்களின் சிக்கல், கையிலுள்ள வசதி எல்லாம் பார்க்கச் சொல்கிறது. 40,000 பேர் பத்து மில்லில் இருப்பதும் ஆயிரம் பட்டறையில் இருப்பதும் ஒன்றா?

#5 அளவுகோல்

போபாலை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1984 டிசம்பர் விபத்துக்குப் பின் வெளிவந்த செய்திகளின்படி, மத்தியப் பிரதேசம் முழுக்க 15 தொழிற்சாலை ஆய்வாளர்கள். அவர்கள் கையில் 8,000-க்கு மேற்பட்ட ஆலைகள். போபால் அலுவலகத்தில் இருந்தவர்கள் மெக்கானிக்கல் பொறியாளர்கள். மெதில் ஐசோசயனேட் தொட்டிக்குக் குளிர்சாதன வசதி ஏன் வேண்டும், அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடையாது. அதன் பின் வந்த 1987 திருத்தம் அபாயகரச் செயல்முறைகளுக்கு 4-அ என்று தனி அத்தியாயமே சேர்த்தது. சட்டம் தடித்தது, பணியிடம் அதே வேகத்தில் கூடவில்லை.

ஆகவே மூன்றாம்கண்ணின் தொழில்நுட்ப வாதம் பாதி சரி. சிறப்பறிவு வேண்டும். 81-ம் உடன்படிக்கையின் 9-வது ஷரத்தே மருத்துவம், பொறியியல், மின்சாரம், வேதியியல் நிபுணர்களை ஆய்வுப் பணியோடு இணைக்கச் சொல்கிறது. ஆய்வாளர் பக்கத்தில் நிபுணர் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆய்வாளரை எடுத்துவிட்டு நிபுணரை வை என்று அது சொல்லவில்லை. வெளித் தணிக்கையாளருக்குக் கூலி யார் தருகிறார்? ஆலை. அவரால் பழைய சட்டத்தின் 87-அ மாதிரி ஒரு பிரிவைக் காட்டி வேலையை நிறுத்தச் சொல்ல முடியுமா? முடியாது. பரிந்துரைப் பட்டியல் கொடுப்பார். அடுத்த வருடத் தணிக்கையில் அதே பட்டியல் திரும்ப வரும்.

இன்னொரு குறை யார் கண்ணிலும் படுவதில்லை: கருவி. ஆள் நியமித்தாலும் கருவி இல்லாவிட்டால் அவர் கண்ணால் பார்த்து எழுதுகிறவர்தான். வட்டார அலுவலகத்தில் இருக்க வேண்டியவை:

நான்கு வாயு மீட்டர் (ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு). ஆக்சிஜன் சென்சார் இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும், பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும். டெண்டர் போட்டு மீட்டர் வாங்குவார்கள். சென்சார் மாற்றப் பணம் ஒதுக்க மாட்டார்கள். மூன்றாம் வருடம் அது காகிதம் பறக்காமல் வைக்கும் கல்தான். எரிவாயு சென்சார் வினையூக்கி வகை என்றால் இரண்டு விஷயம். சிலிக்கோன் ஆவி பட்டால் செத்துப்போய்ப் பூஜ்யமே காட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் ரொம்பக் குறைவான இடத்திலும் தவறான குறைந்த அளவே காட்டும். அதனால் முதலில் ஆக்சிஜனைப் படிக்க வேண்டும்; 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே போகக் கூடாது; அதைவிட ரொம்பக் குறைந்தால் எரிவாயு எண்ணையும் நம்பக் கூடாது. ஒவ்வொரு நாளும் வெளியே எடுக்கும் முன் சோதனை வாயு கொடுத்துச் சென்சார் அசைகிறதா பார்க்க வேண்டும். சிலிண்டரில் காலாவதித் தேதி போயிருந்தால் அந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை.

ஒலி மீட்டர் என்றால் கூடவே 94 டெசிபல் தரும் காலிபிரேட்டர் (மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் கருவி). அது இல்லாமல் எடுத்த 92 டெசிபல் நீதிமன்றத்தில் நிற்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியே "கடைசியாக எப்போது காலிபிரேட் செய்தீர்கள், சான்று எங்கே?" என்பதுதான். வெளிச்ச மீட்டருக்கும் இதே கதை.

சாயக்கழிவுத் தொட்டி, ரியாக்டர் போன்ற மூடிய இடத்துக்குள் ஆய்வாளரும் இறங்கக் கூடாது. பழைய 36-வது பிரிவு 'எந்த நபரும்' என்றுதான் சொல்கிறது. அதிகாரிக்கு விலக்கு இல்லை. தகுதியுள்ள நபரின் எழுத்துச் சான்று, மேல்–நடு–கீழ் மூன்று மட்டத்திலும் அளவீடு, இடுப்பில் கயிறு, வெளியே ஒரு ஆள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றை விடக் கனம்; தொட்டியின் திறப்பில் மட்டும் அளந்தால் சுத்தமாகவே காட்டும். விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. விபத்து நடந்த தொட்டிக்குள் 'சம்பவ இடத்தைப் பார்க்க' அதிகாரி இறங்குவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை.

#6 மூன்றாம்கண்

@அளவுகோல் கருவி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். கூலி யார் தருகிறார் என்பதும் நியாயமான கேள்வி. தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்காமல் அரசு ஒதுக்கி, கட்டணத்தைப் பொது நிதி வழியாகக் கொடுத்தால்?

#7 சட்டமணி

@மூன்றாம்கண் அப்படிச் செய்தால் பரவாயில்லை. ஆனால் அப்போது நீங்கள் வேறு பெயரில் ஒரு ஆய்வாளரைத்தான் உருவாக்குகிறீர்கள், 311-வது பிரிவின் காப்பு இல்லாமல்.

வழக்கு விஷயத்துக்கு வருகிறேன். காலியிடத்தின் உண்மையான விலை அங்கேதான் தெரியும். பழைய சட்டத்தின் 105-வது பிரிவுப்படி ஆய்வாளரின் புகார் அல்லது எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் நீதிமன்றம் குற்றத்தை ஏற்கவே முடியாது. 106-வது பிரிவு, குற்றம் ஆய்வாளருக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் வேண்டும் என்கிறது. எழுத்து உத்தரவை மீறிய குற்றத்துக்கு மட்டும் ஆறு மாதம். புதிய தொகுப்பின் கீழ் வரும் குற்றங்களுக்கு அதன் காலவரம்பைத் தனியாகப் பாருங்கள். கோப்பை எடுத்ததும் சம்பவத் தேதியைப் பார்த்து எந்தச் சட்டம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

கூடுதல் பொறுப்பில் இருப்பவரிடம் இந்த மூன்று மாதம் எப்படிக் கரைகிறது? விபத்து அறிவிப்பு வருகிறது. மரணம் என்றால் அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும் என்று பழைய 88(2) சொல்கிறது. போய்ப் பார்க்கிறார், அன்றே 'தெரியவந்த நாள்' ஓடத் தொடங்கிவிடுகிறது. விளக்கம் கேட்டு நோட்டீஸ், ஆலை இரண்டு முறை அவகாசம் கேட்கிறது, அனுமதிக்காக மேலிடத்துக்குக் கோப்பு, திரும்பி வரும்போது எண்பது நாள். தட்டச்சர் பணியிடம் காலி. தொண்ணூற்று மூன்றாம் நாள் தாக்கல். வழக்கு அங்கேயே முடிந்தது. இதில் லஞ்சம் எதுவும் தேவைப்படவில்லை.

பிழை எங்கே என்று பார்த்தால், ஆலைக்கு அவகாசம் கொடுத்ததில். விளக்கத்துக்கு 7 நாள், கடைசியாக 15 நாள் என்று நிறுத்திவிட வேண்டும். தாக்கல் தேதியைக் கோப்பின் மேலட்டையில் சிவப்பில் எழுதி வைப்பது சின்ன விஷயம்தான்; அதுதான் பல வழக்குகளைக் காப்பாற்றும்.

ஆய்வுக் குறிப்பு எழுதும் விதமும் முக்கியம். "இயந்திரங்களுக்குத் தகுந்த காப்பு இல்லை" என்று எழுதினால் அது பயனற்ற வரி. "பிரஸ் ஷாப், பவர் பிரஸ் எண் 7, டை பகுதிக்கு நிலையான காப்போ இரு கைப் பொத்தானோ லைட் கர்ட்டனோ (கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரை) இல்லை, காலை 11.20-க்கு இயக்கத்தில் இருந்தது; புகைப்படம் 3, 4; பிரிவு 21" – இது நிற்கும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாக ஆலைகளில் விரல் போகும் வழக்குகளுக்கு இந்த அளவு நுணுக்கம் இல்லாமல் போய் நிற்பதில் பயனில்லை.

#8 நொய்யல்

ஆய்வாளர் மேலேயே வழக்கு வந்தால்? பெரிய விபத்துக்குப் பின் முதலில் சஸ்பெண்ட் ஆகிறவர் அந்த வட்டார அதிகாரிதானே. கூடுதல் பொறுப்பில் பத்து நாள் இருந்தவரும் மாட்டுகிறார்.

#9 சட்டமணி

மூன்று அடுக்கு இருக்கிறது.

நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு வழக்குத் தொடர முடியாது என்று பழைய 117-வது பிரிவு. இது 'செய்த' செயலுக்கு. போகவே போகாததை நல்லெண்ணம் என்று காட்டுவது கடினம். ஏன் போக முடியவில்லை என்பதற்குத் தாள் இருந்தால்தான் இந்தப் பிரிவு உதவும்.

அடுத்தது வழக்குத் தொடர முன்அனுமதி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 197, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 218. அனுமதி கேட்டு 120 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும் என்பது புதிது. அரசின் அனுமதியோடு மட்டுமே பதவிநீக்கம் செய்யக்கூடியவருக்குத்தான் இந்தக் காப்பு. உங்கள் நியமன அதிகாரி அரசா, துறைத் தலைவரா என்று நியமன ஆணையில் பாருங்கள்.

மூன்றாவது துறை நடவடிக்கை. தமிழ்நாட்டில் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(அ) சிறு தண்டனைக்கு, 17(ஆ) பெருந்தண்டனைக்கு. தற்காலிகப் பணிநீக்கம் 17(உ). குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் தற்காலிகப் பணிநீக்கத்தை நீட்டக் கூடாது என்று 2015-ல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவரை பிழைப்பூதியம் உண்டு.

கூடுதல் பொறுப்பு ஏற்கும் நாளிலேயே ஒரு கடிதம் எழுதுவது நல்லது. அழுகைக் கடிதம் வேண்டாம், பட்டியல்: நிலுவை விபத்து விசாரணை எத்தனை, கடைசித் தேதி நெருங்கும் வழக்கு எத்தனை, பெரு அபாய ஆலை எத்தனை, கையில் உள்ள நாட்களில் எதை முதலில் பார்க்கப் போகிறேன். நகல் கோப்பில். பின்னால் 17(ஆ) வந்தால் இந்த ஒரு தாள் பத்து பக்க விளக்கத்துக்குச் சமம்.

#10 கோப்புக்காரன்

அதோடு பணம் சம்பந்தமாக ஒன்று. ஆணையில் 'முழுக் கூடுதல் பொறுப்பு' என்று இருந்தால்தான் அடிப்படை விதி 49-ன் கீழ் கூடுதல் ஊதியம் கேட்க முடியும். 'அன்றாடப் பணிகளைக் கவனித்துக்கொள்ள' என்று போட்டால் வேலை அதேதான், காசு வராது. ஆணை கைக்கு வந்த அன்றே சொல்லைப் பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தம் கேட்டால் தணிக்கை ஆட்சேபம் வரும்.

#11 சங்கக்குரல்

இதில் ஒரு விசித்திரம். மற்றவர்களின் 48 மணி நேர வாரத்தைக் கணக்குப் பார்க்கும் ஆய்வாளருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர் அரசின் இறையாண்மைப் பணி செய்கிறவர். 1978 பெங்களூர் குடிநீர் வழக்கின் வரையறையிலும் அது 'தொழில்' என்பதற்கு வெளியே. ஆகத் தொழில் தகராறு என்று போக வழியில்லை.

வேலைநிறுத்தமும் கிடையாது. நடத்தை விதிகள் தடுக்கின்றன. 2003-ல் தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் நீக்கப்பட்டபோது வந்த டி.கே. ரங்கராஜன் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றே சொன்னது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப்பேர உரிமை பற்றிய ஐ.எல்.ஓ.வின் 87, 98-ம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கவில்லை. பொதுப்பணித் துறைக்கான 151-ஐயும் ஏற்கவில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே, பங்களிப்புத் திட்டத்துக்குள் வந்தவர்கள்.

மிச்சமிருக்கும் உண்மையான ஆயுதம் இடமாறுதல் வழக்கு. இடமாறுதல் பணியின் இயல்பு என்று நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது. ஆனால் தண்டனையாக, நிரூபிக்காத புகாரை வைத்து மாற்றினால் செல்லாது என்று 2009 சோமேஷ் திவாரி வழக்கு. பெரிய ஆலைக்குத் தடை உத்தரவு கொடுத்த மூன்றாம் நாள் ராமநாதபுரத்துக்கு மாறுதல் வந்தால், அந்த இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி மனுவை எழுத வேண்டும். 'பழிவாங்கல்' என்று பத்து தடவை எழுதுவதை விட அது வலுவானது.

#12 யாழ்ப்பொறி

இலங்கை நிலவரம் சுருக்கமாக. இங்கே 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம்தான் இன்னும் அடிப்படை. தொழில் திணைக்களத்தின் கீழ் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் என்று தனி ஆட்கள். தொழில் உத்தியோகத்தர் சம்பளம், விடுமுறை பார்ப்பார். பொறியியலாளர் இயந்திரம் பார்ப்பார். இந்தப் பிரிப்பில் நன்மை உண்டு: அளவுகோல் சொன்ன நிபுணத்துவம் பதவிப் பெயரிலேயே இருக்கிறது. சிரமமும் அதிலேயே. பட்டம் பெற்ற பொறியியலாளரை அரச சம்பளத்தில் பிடித்து வைக்க வேண்டும். வளைகுடாவும் தனியார் துறையும் வாசலில் நிற்கும்போது அது லேசான வேலை இல்லை. வெற்றிடம் நிரப்புவது என்று மட்டும் பேசாமல், நிரப்பியவரை ஐந்து வருடம் இருத்துவது பற்றியும் பேசுங்கோ.

#13 தேர்வர்24

அண்ணன்களே, டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பணிகள் தேர்வில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார உதவி இயக்குநர் (இங்கே ஆய்வாளர் வேலை பார்ப்பவர்) பதவிக்குப் படிக்கிறேன். சேர்ந்தால் முதல் இரண்டு வருடத்தில் என்ன கவனிக்க வேண்டும்? தகுதிகாண் பருவத்தில் எளிதாக வெளியே அனுப்பிவிடுவார்களா?

#14 கோப்புக்காரன்

@தேர்வர்24 தம்பி, தகுதிகாண் பருவத்தில் 'பணி திருப்தி இல்லை' என்று சாதாரணமாக விடுவிக்கலாம். 'ஒழுங்கீனம் செய்தார்' என்று களங்கம் சுமத்தி விடுவித்தால் விசாரணை வேண்டும். அதனால் மெமோ வந்தால் வாயால் விளக்கம் சொல்லிவிட்டு வராதே, எழுதிக் கொடு, பெற்றதற்குக் கையொப்பம் வாங்கு. துறைத் தேர்வுகளை முதல் வாய்ப்பிலேயே முடி. பணி நல்லா இருந்தும் துறைத் தேர்வு பாக்கியால் தகுதிகாண் பருவம் நீண்டு, பணிமூப்பில் பின்னால் போகிறவர்கள் உண்டு.

பதவி உயர்வுப் பட்டியலுக்கு ஒரு குறிப்பிட்ட தேதி உண்டு. அந்த நாளில் 17(ஆ) நிலுவையில் இருந்தால் பெயர் தள்ளிவைக்கப்படும். குற்றச்சாட்டு பொய்யாகவே இருந்தாலும் அந்த வருடம் போய்விடும். நிலுவையை இழுக்க விடாமல், விசாரணை அதிகாரி நியமிக்கச் சொல்லி நீயே எழுது.

நாட்குறிப்பும் பயணத் திட்டமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். திட்டத்தில் இல்லாத ஆலைக்குப் புகாரின் பேரில் போனால் நாட்குறிப்பில் 'சிறப்பு ஆய்வு' என்று எழுது, 'புகாரின் மேல்' என்று எழுதாதே. பழைய 118-அ பிரிவு புகார் கொடுத்தவரை மட்டும் மறைக்கச் சொல்லவில்லை. புகாரின் பேரில்தான் வந்திருக்கிறோம் என்பதையே ஆலையிடம் சொல்லக் கூடாது என்கிறது. நாட்குறிப்பு தகவல் உரிமையில் வெளியே போகும் தாள்.

படிப்பு: சென்னைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழிலகப் பாதுகாப்பு மேல்நிலைப் பட்டயம் பயனுள்ளது. சேரும் முன்னே முடித்தால் இன்னும் நல்லது.

#15 பட்டாசுத்திரி

சிவகாசி பற்றி ஒரு வரியாவது இருக்கட்டும். இங்கே ஒரே ஆலைக்கு வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம், வருவாய்த் துறை, தீயணைப்பு, காவல், தொழிலகப் பாதுகாப்பு என்று ஐந்து பேர் வரலாம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்கு முன்னும் இத்தனை துறையும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆள் குறைவாக இருந்தால், மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைக்க வழி பிறக்கிறது. உள்குத்தகைக்கு விட்ட அறைகளை உரிமத்தில் உள்ள பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கூலிப் பதிவேட்டை அறை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அரை நாள் போதாது. நொய்யல் கணக்கில் சிவகாசி ஆலையைச் 'சிறு ஆலை' என்று போடாதீர்கள்.

#16 மூன்றாம்கண்

சரி, என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஒப்பந்த ஆய்வாளர் வேண்டாம். வெளி நிபுணர், அரசு ஒதுக்கீட்டில், ஆய்வாளருக்குத் துணையாக இருக்கட்டும். ஆனால் நிரந்தர ஆய்வாளரின் வேலையை யார் அளப்பது என்ற கேள்விக்கு இந்த இழையில் இன்னும் பதில் வரவில்லை. காலியிட எண்ணிக்கையாவது பொதுவில் தெரியுமா?

#17 கோப்புக்காரன்

மும்பையிலுள்ள டி.ஜி.ஃபாஸ்லி (தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆலோசனைக்கான மத்திய அரசு அமைப்பு) மாநில வாரியாக ஒப்பளிக்கப்பட்ட, பணியிலுள்ள ஆய்வாளர் எண்ணிக்கையைத் தன் குறிப்பேட்டில் வெளியிடுகிறது. மாவட்ட அளவுக்குத் தகவல் உரிமை மனுதான். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இயக்குநரகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேட்க வேண்டியவை: ஒரு குறிப்பிட்ட தேதியில் பதவி வாரியாக ஒப்பளிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட பணியிடங்கள், எந்தெந்த அலுவலகம் எந்தத் தேதியிலிருந்து கூடுதல் பொறுப்பில் உள்ளது, ஆணைகளின் நகல், வட்டார வாரியாகப் பதிவுபெற்ற ஆலைகள், சென்ற நிதியாண்டில் ஆய்வு செய்தவை, மரண விபத்து ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு வந்த தேதி, விசாரணை முடிந்த தேதி, புகார் தாக்கல் தேதி, வாயு மீட்டர், ஒலி மீட்டர் ஒவ்வொன்றின் வாங்கிய தேதி, கடைசி காலிபிரேஷன் சான்றின் நகல்.

மூன்றாம்கண்ணின் கேள்விக்கு அந்த மூன்று விபத்துத் தேதிகளே பெரும்பாலான பதிலைத் தரும்.

"ஏன் நிரப்பவில்லை?" என்று மட்டும் மனுவில் எழுதாதீர்கள். பதிவேட்டில் உள்ளதைத் தரத்தான் அலுவலருக்குக் கடமை. காரணம் யோசித்து எழுதித் தர இல்லை. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மனு முழுவதையும் திருப்பிவிடுவார்கள். காரணம் வேண்டுமானால், பணியிடம் நிரப்பக் கோரி அரசுக்கு அனுப்பிய முன்மொழிவுகளின் நகலும் வந்த பதில்களின் நகலும் என்று கேளுங்கள்.